மலை தெளிவாகத் தெரிந்த நாளில் அடித்த மணி

தம்பி,

நீ போனில் கேட்டதற்கு "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி வைத்தவள், நான்கு நாளாக யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன். சரி என்று சொல்ல வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. "இன்னா இது, சோத்த வெச்சிகினு செவுத்தையே பாத்துகினு இருக்கற?" என்று உன் அப்பா நேற்றும் கேட்டார், இன்றும் கேட்டார். அவரிடம் என்னவென்று சொல்ல? நீ கேட்டது சின்ன விஷயம்தான். "திங்கக்கிழமை புது ஃபேக்டரி வாசல்ல நம்ம பழைய தண்டவாளத்த மாட்டப்போறேம்மா. அஞ்சலக்காதான் மொத மணி அடிக்கும். நீ முன்னாடி உக்காந்து பாக்கணும், ரெண்டு வார்த்தை பேசணும். சரின்னு ஒரே வார்த்தைல சொல்லு." அந்த ஒரு வார்த்தைதான் வரமாட்டேன் என்கிறது. வாயால் சொல்லலாம் என்று பார்த்தால் நீ நடுவில் பேசுவாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது போய்விடும். அதனால் எழுதுகிறேன். திங்கட்கிழமைக்கு முன்னால் முழுசாகப் படித்துவிடு. பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்யாதே.

இந்தக் குழப்பம் நான்கு நாளில் வந்ததில்லை. போன மாதம் சேலத்தில் முதலாளிமார் கூட்டம் என்று என்னைக் கூட்டிப்போனாயே, அங்கேயே ஆரம்பித்துவிட்டது. திரையில் நீ போட்ட படங்கள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு வட்டம், அதிலிருந்து ஒரு அம்பு, அம்பு போய் இன்னொரு வட்டத்தில் முட்டுகிறது. ஓனர்ஷிப், ஓனர்ஷிப் என்று பத்துத் தடவை சொன்னாய். ஓனர் நான் இருக்கும்போது அது வேலையாட்களுக்கு எப்படி வரும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன், அவர் சிரித்தார். பிறகுதான் நீ அந்தக் கதையைச் சொன்னாய். "எங்கம்மா நடத்தின சேகோ மில்லுல ஒரு தண்டவாளத் துண்டு இருந்தது. மழை வந்தா யார் வேணும்னாலும் அடிக்கலாம். அடிச்சா எல்லாரும் ஓடுவாங்க. யாரும் யாருக்கும் உத்தரவு போட மாட்டாங்க. தலைமைன்னா என்னன்னு நான் காலேஜுல கத்துக்கல, அந்தக் களத்துலதான் கத்துக்கிட்டேன்." ஜனம் கை தட்டியது. உன் முகத்தைப் பார்த்தேன். பெற்ற வயிறு குளிர வேண்டிய நேரம். நான் கை தட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கைத்தட்டலை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் களத்தின் கதையை என் பங்குக்கு ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நீ மேடையில் சொல்கிற கதையும் நான் பார்த்ததும் ஒன்றில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் போகிற வழியில் உன் தாத்தா அந்த ஜவ்வரிசி மில்லை ஆரம்பித்தபோது இருந்ததெல்லாம் கிழங்கு அரைக்கிற மெஷின் ஒன்று, பால் தெளிய நான்கு தொட்டி, வறுக்கிற அடுப்பு, அப்புறம் அந்தப் பெரிய சிமெண்டுக் களம். மலையிலிருந்தும் கீழ்நாட்டிலிருந்தும் மரவள்ளி வரும். அதை அரைத்து, பால் எடுத்து, மாவாக்கி, உருட்டி, வறுத்து, கடைசியில் ஜவ்வரிசியாகக் களத்தில் கொட்டிக் காயவைத்தால்தான் சரக்கு. காய்கிற நேரத்தில் மேலே நான்கு சொட்டு மழை விழுந்தால் போயிற்று, அத்தனையும் கூழ். மாமனார் எங்கிருந்தோ ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டைக் கொண்டுவந்து மேற்கு ஓரத்தில், ஆபீஸ் வாசல் வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டார். பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பி. மேற்கே கல்வராயன் மலை. மலை மூடிக்கொண்டது என்றால் மழை இறங்க இன்னும் கொஞ்ச நேரம்தான். முதலில் பார்த்தவர் அடிப்பார். தார்ப்பாய் எல்லாம் கிழக்குக் கொட்டகையில் அடுக்கியிருக்கும். கிழங்கு தோல் சீவுகிற பெண்கள், அடுப்புக்காரர்கள், கணக்குப்பிள்ளை, லாரிக்காரர் என்று எல்லாரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அங்கே ஓடுவார்கள். உன் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் எங்களோடு மில்லைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையால் ஜவ்வரிசியைத் தள்ளினார். சம்பந்தம் அங்கேயே முடிந்துவிட்டது என்று மாமனார் சாகிற வரைக்கும் சொல்லிச் சிரிப்பார். நீயும் ஓடியிருக்கிறாய், பள்ளிக்கூட டவுசரோடு. அதனால்தான் உனக்கு அது இன்னும் இனிக்கிறது.

மேடையில் நீ விட்டுவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்கிறாயே, அது தப்பு. முதலாளி வீட்டார் அடிக்கக்கூடாது. மாமனார் ஒரு நாளும் அந்தக் கம்பியைத் தொட்டதில்லை. நான் மருமகளாக வந்த புதிதில் மலை மூடுவதைப் பார்த்துவிட்டு அடிக்கப் போனேன். "நீ வுடு. அவங்க பாத்து அடிக்கட்டும். நாம ஓடறதோட சரி" என்று தடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டால் பதில் சொல்கிற ஆளா அவர்? பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார். இன்னொன்று, பொய்யாக அடித்துவிட்டாலும் யாரையும் திட்டக்கூடாது. ஒரு தடவை எங்கேயோ கரும்புச் சோகை கொளுத்திய புகையை மேகம் என்று நினைத்து அஞ்சலை அடித்துவிட்டாள். களத்தில் சரக்கைப் புரட்டிப் போடுகிற பெண்களுக்கு அவள்தான் அப்போது தலை. எல்லாரும் ஓடி, அள்ளி, மூடிவிட்டு அண்ணாந்து பார்த்தால் சூரியன் பல்லை இளிக்கிறது. அவள் பயந்து தொட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். மாமனார் டீக்கடையிலிருந்து எல்லாருக்கும் போண்டாவும் டீயும் வரவழைத்தார். முதல் போண்டா அவளுக்கு. "நாளிக்கி பயந்துகினு அடிக்காம வுட்டுட்டா இன்னா பண்றது?" என்றார். உன் படத்தில் இருக்கிற அத்தனை வட்டத்துக்குள்ளும் இதை எங்கே எழுதுவாய் என்று எனக்குத் தெரியவில்லை.

மாமனார் போன பிறகு மில் என் கைக்கு வந்தது. உன் அப்பாவுக்குத் தொட்டிப் புளிப்பு நாற்றம் ஆகாது, வாசல் வரைக்கும் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார். வயல்தான் அவருக்கு உலகம். பொம்பளை என்ன மில் நடத்துவாள் என்று கள்ளக்குறிச்சி கடைவீதியில் பேசினார்கள். பேசியவர்கள் வாய் அடங்குகிற மாதிரி நடத்தினேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் ஆட்களைப் பற்றித்தான் பெருமை அடிப்பேன். மற்ற மில்லில் மேஸ்திரி கத்தினால்தான் வேலை நடக்கும், எங்களிடம் கத்தவே வேண்டாம் என்பேன். என் ஆட்கள், என் ஆட்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சேலத்தில் நீ பேசியது எனக்குப் புதிதே இல்லை. அது என் பேச்சுதான், நீ கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து பேசினாய்.

இனி உன்னிடம் சொல்லாததைச் சொல்கிறேன். பங்குனி வெயில். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். வடக்கே இருந்து ஒரு பெரிய வியாபாரி வந்திருந்தார், புரோக்கர் கூட்டிவந்தார். வருஷம் முழுக்க நம்மிடமே சரக்கு எடுப்பதாகப் பேச்சு. தொட்டி, அடுப்பு எல்லாம் காட்டினேன். மெஷின் எல்லாம் பழசு என்று அவர் முகம் சுருங்கியது. மெஷின் பழசுதான், ஆனால் என் ஆட்களைப் பாருங்கள் என்று தண்டவாளக் கதையை எடுத்துவிட்டேன். புரோக்கர் மொழிபெயர்த்துச் சொன்னார். அவர் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார். "எல்லா முதலாளியும் இப்படித்தான் சொல்றாங்கங்கிறார்" என்றார் புரோக்கர். எனக்குச் சுருக்கென்றது. மேற்கே பார்த்தேன். மலை அவ்வளவு தெளிவாக இருந்தது, வெள்ளிமலைக்குப் போகிற பாதையின் வளைவுகூடத் தெரிகிற மாதிரி. ஒரு பஞ்சு மேகம் இல்லை. நேராகப் போய்க் கம்பியை எடுத்து அடித்தேன். சும்மா இரண்டு தட்டு இல்லை, தோள் வலிக்க அடித்தேன்.

ஓடி வந்தார்கள், தம்பி. அரிவாள்மணையைப் போட்டுவிட்டு, கரண்டியைப் போட்டுவிட்டு, ஒருவர் விடாமல் ஓடி வந்தார்கள். அந்த வியாபாரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார், பிறகு கை தட்டினார். அந்தக் கைத்தட்டல் எனக்கு எவ்வளவு ருசித்தது என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அதே நேரத்தில்தான் அலறல் கேட்டது. வேப்பமரத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், அப்போதுதான் கொட்டிய ஈரச் சரக்கின் மேல் அஞ்சலை விழுந்து கிடந்தாள். வலது கணுக்கால் திரும்பிக் கிடந்தது. எனக்கு இத்தனை வருஷமாக விளங்காத ஒன்று அதில் இருந்தது. தார்ப்பாய் கிழக்கே, எல்லாரும் ஓடியது கிழக்கே. அவள் மட்டும் மேற்கே எப்படி விழுந்தாள்? அந்த நேரத்தில் அதை நான் கேட்கவில்லை. "மேகம் மாதிரி தெரிஞ்சிது, அதான்" என்று சொன்னேன். யாரும் மலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. சரக்கை மறுபடி பரப்பிவிட்டு அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அன்று நம் வேன் வாசலில்தான் நின்றது. வந்தவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வேன் அவரைக் கொண்டுபோய் விடப் போனது, அஞ்சலை கிழங்கு இறக்கிய டிராக்டரில் கிடந்து எலும்பு கட்டுகிறவரிடம் போனாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குத் தெரியும். கொண்டுபோனால் எப்படி விழுந்தாள் என்று கேட்பார்கள், நான் திரும்பத் திரும்ப அந்த மேகத்தைச் சொல்ல வேண்டும். கால் கோணலாகவே சேர்ந்துவிட்டது. அவள் காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பதை நீயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். ஏன் என்று ஒரு நாள் என்னிடம் கேட்டாய்கூட. "மழைக்கு ஓடும்போது விழுந்துட்டா" என்று உனக்கும் அந்தப் பொய்யைத்தான் கொடுத்தேன்.

அதற்கப்புறம்தான் சூடான காற்றில் காயவைக்கிற ட்ரையர் வாங்கினேன். நம் வட்டாரத்தில் அதுதான் முதல் ட்ரையர் என்று பேசினார்கள், எனக்குச் சால்வை போட்டார்கள், துணிச்சலான பெண்மணி என்றார்கள். என்ன துணிச்சல்? அந்தக் களத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் மெஷின் நல்லதுதான், அதையும் சொல்ல வேண்டும். பெண்கள் சித்திரை வெயிலில் வெறுங்காலோடு சரக்கைப் புரட்டுகிற பாடு ஒழிந்தது. சரக்கு வெளுப்பாக வந்தது. அஞ்சலையை ட்ரையர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, பச்சை விளக்கு எரிந்தால் ஒரு பொத்தானை அழுத்து என்றேன். கூலி உயர்த்தினேன். எல்லாரும் என்னை மெச்சினார்கள். அவள் மட்டும் ஒரு நாள், "சொம்மா குந்திகினே இருந்தா கால் இன்னும் ஜாஸ்தி வலிக்குதுங்கம்மா" என்றாள். நான் தைலம் வாங்கிக் கொடுத்தேன். அவள் சொல்ல வந்தது தைலத்தைப் பற்றித்தானா என்று இப்போது யோசிக்கிறேன்.

மெஷின் வந்ததும் முறையும் மாற வேண்டும் என்று சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தேன். நன்றாகப் படித்தவர், மரியாதையான மனிதர். யார் எந்த வேலைக்குப் பொறுப்பு என்று தெளிவாக இல்லை என்றார். தோல் சீவுகிறவர்களுக்கு மஞ்சள் தொப்பி, அடுப்புக்காரர்களுக்குச் சிவப்பு, ட்ரையருக்கு நீலம். ஆறு மாதத்தில் வேலை கடிகாரம் மாதிரி ஓடியது, நானும் மகிழ்ந்துபோனேன். அடுத்த ஆவணியில் இடி விழுந்து டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது. ட்ரையர் நின்றது. அரைத்த மாவை விடமுடியுமா? வறுத்து, பழையபடி களத்தில் கொட்டினோம். மூன்றாம் நாள் மலை மூடியது. மேஸ்திரி கோவிந்தன் போய் அடித்தான். நான் ஆபீஸிலிருந்து ஓடினேன். பார்த்தால், ஓடுவது நானும் கோவிந்தனும் மட்டும்தான். மஞ்சள் தொப்பிகள் கொட்டகை ஓரத்தில் வரிசையாக நிற்கிறார்கள். "இன்னாடி நிக்கிறீங்க, வாங்கடி!" என்று கத்தினேன். ஒருத்தி மிகவும் மரியாதையாகச் சொன்னாள், "நம்ம செக்சன் இல்லிங்களே, நீலத் தொப்பிக்காரங்க வருவாங்கங்க." நீலத் தொப்பிகள் மெஷின் பக்கத்தில் நின்றார்கள். களத்துக்கு இப்போது ஆள் யார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்து, காலைச் சாய்த்துச் சாய்த்து அஞ்சலை ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் மழை வந்துவிட்டது. அத்தனையும் கூழாகி வாய்க்காலில் போனது. மறுநாள் தண்டவாளத்தை அவிழ்த்துக் குடோனில் போடச் சொன்னேன்.

அவர்கள் ஏன் ஓடவில்லை? இதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது. ஆலோசகரைக் கேட்டேன், பயிற்சி போதவில்லை என்றார். கோவிந்தனைக் கேட்டேன், "தொப்பிய போட்டா ஜனம் அதுக்குள்ளதான்ங்க நிக்கும்" என்றான். உன் அப்பாவைக் கேட்டேன். "கூலிக்கு வர்றவங்க எதுக்குடி ஓடணும்? இத்தினி வருசம் ஓடினதே ஜாஸ்தி" என்றார். மூன்றும் சரியாகத்தான் தெரிந்தது. நாலாவதாக ஒரு பதில் எனக்குள் இருந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலாளியம்மா பொய்யாக அடித்தாள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அதனால் அந்தச் சத்தம் அவர்களுக்குச் செத்துப்போய்விட்டது. தொப்பியா, மெஷினா, கூலியா, நானா? எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் மாற்றிவிட்டு எதனால் கெட்டது என்று கேட்டால் யார் சொல்லமுடியும்? உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி என்று ஒன்று இருந்தால், ஒரே நேரத்தில் நாலையும் மாற்றாதே, பிறகு சமைத்ததில் எது கரித்தது என்றே தெரியாமல் போய்விடும். இதுகூடச் சரிதானா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். வெயிலில் வேகும் காலைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றலாம் என்று காத்திருப்பதும் பாவம்தானே?

இப்போது நீ உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் புதிதாகக் கட்டியிருக்கிறாய். ஜவ்வரிசி இல்லை, மாத்திரைக் கம்பெனிக்கும் காகித மில்லுக்கும் போகிற மாவு. களமே கிடையாது. நம் ஆட்களைக் கைவிடாமல் வேன் வைத்துக் கூட்டிப்போகிறாய், அதற்கு உன்னை மெச்சுகிறேன். ஆனால் குடோனில் துருப்பிடித்துக் கிடந்ததைத் தேடி எடுத்து, தேய்த்து, தங்கக் கலர் பெயின்ட் அடித்துப் போட்டோ அனுப்பினாயே, அதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இரும்புக்கு என்னடா தங்கக் கலர்? அங்கிருந்து பார்த்தால் மலையே தெரியாது. எதைப் பார்த்து அடிப்பார்கள், எதைக் காப்பாற்ற ஓடுவார்கள்? நீ சொல்வாய், "மழை இல்லாட்டி என்னம்மா, தரம் கெட்டா அடிக்கட்டும், ஆபத்துன்னா அடிக்கட்டும்" என்று. சொல்லும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. நியாயமாக இருப்பதுதான் என்னை இன்னும் குழப்புகிறது. ஆனால் முதல் மணியை அஞ்சலை கையால், விருந்தாளிகள் பார்க்க, மழையில்லாத நாளில் அடிக்கவைக்கப் போகிறாய். நான் செய்ததை நீ மாலை மரியாதையோடு செய்யப்போகிறாய். உனக்குத் தெரியாது. அதனால்தான் சரி என்று சொல்ல வரவில்லை.

இதை உனக்கு எழுதுவதற்கு முன்னால் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லிவிட வேண்டும் என்று இன்று காலை வடக்கனந்தலுக்கு அஞ்சலை வீட்டுக்குப் போனேன். ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். "வாங்கம்மா, இன்னா இந்த வெயில்ல?" என்று முறத்தை நகர்த்தி உட்கார இடம் விட்டாள். நான் உட்காராமலே சொன்னேன், உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று. "அஞ்சல, அன்னிக்கி மழ இல்ல. மேகமும் இல்ல. வந்தவருக்குக் காட்டறதுக்குதான் அடிச்சேன்."

அவள் கையில் இருந்த முடிச்சைப் போட்டு முடித்தாள். "தெரியுங்க" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"அப்பவேதான். மலைதான் பளிச்சினு தெரிஞ்சிதே."

"தெரிஞ்சும் எதுக்கு ஓடின?"

"நா மழைக்கு ஓடுலிங்கம்மா" என்றாள். "நிமுந்து பாத்தா நீங்க கம்பிய புடிச்சிகினு அடிச்சிகினு இருக்கறீங்க. உங்க வூட்டுல யாரும் அத தொட மாட்டீங்களே. இன்னாமோ ஆயிப்போச்சி, பாம்பு கீம்பு கடிச்சி கத்த முடியாம அத அடிக்கறாங்கனு நெனச்சிட்டேன். எல்லாரும் தார்ப்பாய்க்கு ஓடறாங்க, நா உங்காண்ட ஓடியாந்தேன். சுத்தி வந்திருக்கணும். குறுக்கால பூந்தேன், ஈரம் வழுக்கிடுச்சி."

மேற்கே அவள் ஏன் விழுந்தாள் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. நான் அழுதேன். அவள் அழவில்லை, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "இத்தினி வருசமா ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "கேட்டாதானேங்க சொல்றதுக்கு" என்றாள். எத்தனை தடவை அவளுக்குச் சேலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், தைலம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இதை ஒரு தடவை கேட்டதில்லை.

கிளம்பும்போது திங்கட்கிழமை பேச்சு வந்தது. நீ போன் செய்தாய் என்றும், அடிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டதாகவும் சொன்னாள். "உனக்கு இஷ்டமில்லன்னா வரவேணாம், நான் தம்பிகிட்ட சொல்லிக்கறேன்" என்றேன் அவளிடம். "இன்னாத்துக்கு? வர்றேங்க" என்றாள். ஆட்டை அவிழ்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள், "நா அடிச்சா நீங்க ஓடியாருவீங்களாம்மா?" கிண்டலாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா, எனக்குத் தெரியவில்லை. ஆட்டோ ஏறி வந்துவிட்டேன்.

அதனால் இதுதான் என் பதில், தம்பி. தண்டவாளத்தை மாட்டுவதா வேண்டாமா என்று எனக்கு இப்போதும் தெரியாது, அது உன் பாடு. மாட்டினால் அந்தத் தங்கக் கலரைச் சுரண்டிவிடு. நீயோ நானோ அந்தக் கம்பியைத் தொடக்கூடாது. இந்தக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளாதே, நான் பேசவேண்டிய இரண்டு வார்த்தைக்குப் பதிலாக இதை அங்கே எல்லார் முன்னாலும் படி, விருந்தாளிகள் இருந்தாலும் படி. அவமானம் என்னுடையது, உனக்கு எதற்குக் கூச்சம்? படித்து முடித்த பிறகு, மனம் இருந்தால் அஞ்சலை அடிக்கட்டும். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போடாதே. லாரி எடைமேடைக்கு அந்தப் பக்கம், கடைசியில் நிற்பேன். இந்த முழங்காலோடு எவ்வளவு தூரம் ஓடமுடியும் என்று தெரியாது. நீயும் வந்து என் பக்கத்தில் நில். ஷூவைக் கழற்றிவிடு, புதுத் தரை வழுக்கும்.

உன் அம்மா